நினைவுத்திடல் கம்பத்தில் சிக்கிக் கிழிந்த தேசியக் கொடியை இறக்கித் தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்: முன்னாள் படைவீரர் நலச் சங்கத்தினர், நினைவுத்திடல்.
பெறுநர்: உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய பேருந்து நிலையத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் நடுவே உள்ள நினைவுத்திடல் தாங்கள் அறியாத இடமல்ல. கார்கில் போரில், 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்த பீகார் ரெஜிமென்ட் மேஜர் மாரியப்பன் சரவணன், வீர் சக்ரா, அவர்களின் நினைவுக்கல் அங்கே உள்ளது. அதன் பின்னால் நிற்கும் 40 அடி கொடிக்கம்பம் நகராட்சிச் சொத்து. இது குறித்து மூன்று மனு கொடுத்து மூன்று ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். பதில் வரவில்லை.

1. கடைசியாகப் பராமரிப்பு செய்தவர்கள் 10 மி.மீ. கயிற்றுக்குப் பதில் 6 மி.மீ. கயிறு போட்டுவிட்டார்கள். மாலையில் கொடி இறக்கும்போது மெல்லிய கயிறு கப்பிச் சக்கரத்தை விட்டு விலகி, பக்கத் தகட்டின் இடுக்கில் இறங்கி இறுகிவிட்டது.

2. பலமாக இழுத்தால் கயிறு அறுந்து கொடி மண்ணில் விழும். மேல்குழாய் இரண்டரை அங்குலம்தான். ஏணி சார்த்த முடியாது.

3. கொடி இப்போது பாதிக் கம்பத்தில் நிற்கிறது. அரசு துக்கம் அறிவித்தால் மட்டுமே அரைக்கம்பம் என்பது தங்களுக்குத் தெரியும். சந்தைக்கு வருகிறவர்கள் "யார் இறந்தது?" என்று கேட்கிறார்கள். பச்சைப் பட்டை நார் நாராகிவிட்டது, அசோகச் சக்கரம் வெளுத்துவிட்டது. காற்றடித்தால் கொடிமுனையின் மரக்கட்டை இரும்புக் குழாயில் டக் டக்கென்று இரவெல்லாம் மோதுகிறது. கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது, தனியிடத்தில் முழுமையாக, கூடுமானவரை எரித்து, மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும் என்பது 2002 கொடி விதி. அந்த மரியாதையைச் செய்யக்கூட அது எங்கள் கைக்கு எட்டவில்லை. ஐயா, 14,000 அடி மலைமுகட்டில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த அந்த அதிகாரியின் உடலைச் சண்டைக்கு நடுவே மீட்டு இறக்கினார்கள். அவர் கல்லுக்கு மேலே இருபது அடியில் தொங்கும் கொடியை இறக்க ஒரு வண்டி வராதா? எத்தனை முறைதான் கேட்பது?

4. தெருவிளக்குப் பிரிவின் ஹைட்ராலிக் ஏணி வண்டியும் ஒரு பணியாளரும் ஒரு மணி நேரம் போதும். சந்தை ஓய்ந்திருக்கும் பிற்பகல் 2 மணிக்கு வரட்டும். கிழக்கே மின்கம்பி போவதால் வண்டி மேற்கே நிற்க வேண்டும். முதலில் கொடியைக் கழற்றிக் கையில் வாங்கி இறக்க வேண்டும், பிறகுதான் கப்பியைத் தொட வேண்டும். புதுக் கப்பி, 10 மி.மீ. நைலான் கயிறு 85 அடி, 1800 × 1200 மி.மீ. புதுக்கொடி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். நகராட்சிக்குச் செலவில்லை.

மே 29-க்கு இன்னும் 12 நாள்தான் உள்ளது. தயவுசெய்து அதற்குள் வண்டியை அனுப்புங்கள். மீண்டும் கேட்கிறோம், வண்டியை மட்டும் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்