கத்திக் கண்காட்சியில் மேசைக்கு ஓர் அட்டை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திக் கண்காட்சிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க அலகில் ஓடும் அலை அலையான கோலங்களையும் மான்கொம்புப் பிடிகளையும் பற்றித்தான் பேசியது, அந்தக் கத்திகள் எப்படி வெட்டும் என்று ஒரு வரி கூட இல்லை. கண்காட்சிக்குப் போகிற புது ஆர்வலர்கள் பலரும் அதே கண்ணோடுதான் மேசை மேசையாக நகர்கிறார்கள். பல வருடங்களாகக் கத்திகளை வாங்கி, தீட்டி, தினமும் பயன்படுத்தி வருகிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த எஃகு என்று எல்லோரும் கேட்கிறார்கள், அது சரிதான். அதை எப்படித் தோய்ச்சல் போட்டார்கள், அதாவது காய்ச்சி அமிழ்த்திப் பதப்படுத்தினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அலகைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் அது கடினமாகிவிடும், கூடவே கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் சாதாரண கார்பன் எஃகை மறுபடியும் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓரிரு மணி நேரம் சூட்டில் வைத்து அந்த விறைப்பைக் கொஞ்சம் இறக்குவார்கள். இதில் எங்கே பிசகினாலும் மெருகு போட்ட பிறகு வெளியே ஒன்றும் தெரியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் வேலையில் இறக்கும்போதுதான் விளிம்பு மடங்குவதோ சில்லு பெயர்வதோ தெரியும். இந்தக் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினமும் கூடுதல். ஜெர்மன் பாணிச் சமையலறைக் கத்திகள் பெரும்பாலும் 56, 57 என்ற அளவில் இருக்கும், ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். 62-இல் இருக்கும் மெல்லிய அலகு நெடுநாள் கூர் தாங்கும், ஆனால் எலும்பில் போட்டால் சிதறும். 56-இல் இருப்பது சீக்கிரம் மழுங்கும், ஆனால் முரட்டு வேலை தாங்கும், தீட்டுவதும் எளிது. எந்த வேலைக்கு என்று சொன்னால்தான் எது நல்லது என்று பேசவே முடியும்.

அலை அலையான கோலம் ஓடும் எஃகுக்கு 'டமாஸ்கஸ்' என்ற பெயர் கட்டுரையில் வாய்க்கு வாய் வந்தது, அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய டமாஸ்கஸ் வாள்கள் மண் மூசையில் உருக்கி எடுத்த எஃகுக் கட்டியிலிருந்து அடித்தவை, அந்தக் கட்டிகளுக்குத் தென்னிந்தியா பேர்போன இடம். அந்த எஃகில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்கள்தான் கோலத்துக்குக் காரணம் என்பதை ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும் அல் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, அதே மாதிரி அலகுகளை அடித்துக் காட்டியே விளக்கினார்கள். இன்று கண்காட்சி மேசைகளில் இருப்பது பெரும்பாலும் வேறு சங்கதி. இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, உலையில் ஒட்டவைத்து, மடித்து மடித்து அடித்து, கடைசியில் அமிலத்தில் நனைத்துக் கோலத்தை வெளியே கொண்டுவருவது. 1973-இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் இந்த வகைக் கத்திகளைக் கத்தி செய்பவர்கள் சங்கத்தின் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். வைத்ததோடு விடாமல், செய்முறையைச் சிறு புத்தகமாக எழுதி இலவசமாகக் கொடுத்தார். தொழில் ரகசியத்தைக் கட்டிக் காக்காமல் அப்படித் தூக்கிக் கொடுத்த அந்த மனதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அதே மோரன் 1976-இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கத்திக் கொல்லர்கள் சங்கம் வைக்கும் தேர்வைப் பாருங்கள். தொங்கும் ஒரு அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும், மரச்சட்டத்தை இரண்டு தடவை முழுதாக வெட்டித் துண்டாக்க வேண்டும், அப்புறம் தீட்டாமல் அதே விளிம்பால் கை முடியை மழிக்க வேண்டும், கடைசியில் அலகை இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைத்தாலும் அது இரண்டாக ஒடியக் கூடாது. எல்லாம் ஒரே கத்தியால். முதல் நிலைத் தேர்வில் இதைக் கோலம் போட்ட எஃகில் செய்யவும் அனுமதி கிடையாது, சாதாரண எஃகில்தான் செய்ய வேண்டும். அடிப்படைத் தோய்ச்சல் வரட்டும், அலங்காரம் பிறகு பார்க்கலாம் என்பதுதானே இதன் பொருள்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எங்கிருந்தோ மொத்தமாக வாங்கிய அலகுக்குப் பிடி மட்டும் மாட்டி 'கையால் அடித்தது' என்று விற்கிறார்கள். சாதாரண எஃகின் மேல் லேசரில் கோலம் பொறித்து டமாஸ்கஸ் என்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் மாதக்கணக்கில் உலை முன் நின்று செய்ததை வைத்துக்கொண்டு, ஏன் உங்களுடையது மட்டும் இவ்வளவு விலை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கத்தியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முழுக்க அடுக்கு எஃகால் ஆனது என்றால் கோலம் முதுகிலும் தொடரும், பொறித்தது என்றால் பக்கவாட்டோடு நின்றுவிடும். இது தெரிந்த வாசகர் தப்பிப்பார், தெரியாதவர் என்ன செய்வார்?

அதனால் ஏற்பாட்டாளர்களுக்கு என் கோரிக்கை எளிமையானது. ஒவ்வொரு மேசையிலும் கத்திக்கு ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள். எஃகின் பெயர், ராக்வெல் அளவு, அலகு செய்தவர் யார், தோய்ச்சல் போட்டவர் யார். தோய்ச்சலை வெளியே கொடுத்துச் செய்வதில் தவறே இல்லை, நல்ல கலைஞர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதை எழுதிவிட்டால் முடிந்தது. கூடவே அரங்கில் ஒரு மூலையில் கயிறும் மரக்கட்டையும் வைத்து, விருப்பப்பட்ட கைவினைஞர் தன் கத்தியால் வெட்டிக் காட்ட இடம் கொடுங்கள்.

பார்வையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்காமல் கத்தியை எடுக்காதீர்கள். எடுத்தால் அலகில் விரல் படக் கூடாது, கை வியர்வையின் உப்பு கார்பன் எஃகில் சீக்கிரமே துருவைக் கொண்டுவரும். மடக்குக் கத்தியைச் சும்மா திறந்து திறந்து மூடுவது, அடுத்தவர் கத்தியால் உங்கள் கை முடியை மழித்துக் கூர் பார்ப்பது, இரண்டும் வேண்டாம். இன்னொருவரிடம் கொடுக்கும்போது நேராக நீட்டாமல் மேசையில் வைத்துவிடுங்கள், அவரே எடுத்துக்கொள்வார். இந்த மரியாதை காட்டுகிறவர்களிடம் பெரும்பாலான கைவினைஞர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், எந்த எண்ணெயில் அமிழ்த்தினேன், எந்த அலகு கோணிக்கொண்டது, எப்படி நிமிர்த்தினேன் என்று எல்லாம் சொல்வார்கள்.

அடுத்த முறை உங்கள் நிருபர் ஒரு கண்காட்சிக்குப் போனால், ஒரே ஒரு கைவினைஞரின் மேசையில் அரை நாள் உட்காரச் சொல்லுங்கள். அவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில்களை அப்படியே அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்