வற்றத்தையும் எழுது

குன்னூர்,
ஐப்பசி 12

மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடாதவனை எவ்வளவு திட்டினாலும் தகும். திட்டி முடித்துவிட்டுப் படி. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

கொள்ளிடக் கழிமுகத்தில் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதிய உன் நோட்டைப் பார்த்தேன். தண்ணீர் ஏறி நிற்கும் மட்டம், அதுதான் ஏற்றம், ஐந்து வருடத்துக்கும் இருக்கிறது; இறங்கி நிற்கும் மட்டம், அந்த வற்றம் எங்கேடா? ஸ்கேல் வாத்தியார் கையில் சிக்கியிருந்தால் உன் முட்டி பெயர்ந்திருக்கும். கடல் ஒரு சாண் உயர்ந்தால் ஏற்றம், வற்றம் இரண்டுமே ஒரு சாண் உயரும் என்று நினைத்துவிட்டாய். கழிமுகத்துக்குள் அப்படி நடக்காது. ஓதமும், அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவதும், ஓர் அலைதான், ஆழம் கூடினால் வேகமும் கூடும். 4 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 6.3 மீட்டர் போவது, 5 மீட்டரில் 7 ஆகும். உராய்வை விட்டுக் கணக்குப் போட்டால், 20 கிலோமீட்டர் உள்ளே வர 53 நிமிடம் எடுத்தது 48 ஆகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், ஆழம் கூடினால் தரையின் பிடி தளரும். முன்பு பாதி வழியில் ஓய்ந்துபோன ஓதம் இப்போது மேல்படித்துறை வரை தெம்போடு வரும், உப்பும் கூடவே வரும். அப்போது ஏற்றம் கடல் உயர்ந்ததைவிடக் கூடுதலாக உயரலாம், வற்றம் அவ்வளவு உயராமல் போகலாம். இரண்டும் கையில் இல்லாமல், கடல் மட்டம் உயர்ந்ததா, இல்லை ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமான வீச்சு பெருத்ததா என்று எப்படிப் பிரிப்பாய்?

இரு கரையிலும் கல் அடுக்கி உயர்த்தப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. சேற்றுத் திட்டிலும் அலையாத்திக் காட்டிலும் தண்ணீர் பரவும்போது ஓதத்தின் பலம் அங்கேயே கரைகிறது. சுவர் வைத்தால் அந்தத் தண்ணீரும் பலமும் உள்ளே போகப்போக ஒடுங்கும் ஆற்றுக்குள்தான் போகும். உங்கள் தெரு தப்பும், மேல்கரை ஊர் நனையும். அவர்களைக் கேட்டீர்களா?

எங்கள் மலை மண்ணும் உனக்கு உதவாது. குன்னூர் ஆறு பவானியில் விழுந்து, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து, முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாக உன்னிடம் வருவதற்குள், மண் பெரும்பாலும் பவானிசாகர் அணையிலேயே படுத்துவிடுகிறது. புது வண்டல் இல்லாத கழிமுகத்தில் தரையும் தாழலாம். அதனால் அளவுக்கோலின் பூச்சியத்தை, கரையை விட்டுத் தள்ளியிருக்கும் உறுதியான கல்லோடு வருடம் இருமுறை லெவல் கருவி வைத்துச் சரிபார். கோல் இறங்கினால் கடல் ஏறிய மாதிரித்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் மட்டமே உயர்ந்து நிற்கும், அதைப் பங்குனியோடு ஒப்பிட்டுப் பதறாதே. நிலவின் பாதையின் சாய்வு 18.6 வருடச் சுற்றில் மாறுவதால் வீச்சும் தானாகக் கூடிக் குறையும். உன் ஐந்து வருடம் அதில் கால்வாசிதான். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் உயர்ந்ததே சுமார் 20 சென்டிமீட்டர், அவசரப்பட்டால் எதுவும் பிடிபடாது.

அடுத்த அமாவாசையிலிருந்து வற்றத்தையும் எழுது. இன்றைய வற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம் கழித்து அடுத்தது வரும், அரைமணி முன்னாலேயே போய் நின்றுகொள். நெத்திலிக் கருவாட்டை இனிமேல் தனி டப்பாவில் அனுப்பு. நோட்டு இன்னும் நாறுகிறது.

உன்,
மலைக்காரன்