களத்துக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வேளாண் வளர்ச்சிப் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. முதல் இரண்டு வருடம் புள்ளியியல் முறைகளில் மூழ்குவதா, களத்துக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். களத்துக்குப் போ. கிராமத்தை ரசிக்க அல்ல, எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க.

இந்தியப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் தரவை வைத்து, சிறு பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் என்று 1962இல் அமர்த்திய சென் எழுதினார். குடும்ப உழைப்பா, மண் வளமா, கடன் வசதியா என்று அரை நூற்றாண்டாகக் காரணம் தேடினார்கள். பெரிய நிலங்களைப் பிரித்துக் கொடுக்கும் நிலச் சீர்திருத்தம் கேட்டவர்களுக்கும் அந்த முடிவு கைகொடுத்தது. 2018இல் எத்தியோப்பியத் தரவோடு ஒரு கட்டுரை வந்தது. விவசாயிகள் வாயால் சொன்ன விளைச்சலை எடுத்துக்கொண்டால் சிறு வயல்தான் முந்துகிறது. வயலில் ஒரு பகுதியை அறுத்து எடைபோட்டால் அந்த வித்தியாசமே காணோம்! சிறு வயலுக்குக் கூட்டியும் பெரிய வயலுக்குக் குறைத்தும் சொல்லியிருக்கிறார்கள். இதனால் சென் கண்டதும் பிழை என்றாகிவிடாது. நாடு வேறு, தரவு எடுத்த விதம் வேறு. ஆனால் காரணம் தேடுவதற்கு முன் தராசைப் பார்த்திருக்க வேண்டாமா?

மரவள்ளியை எடுத்துக்கொள். வேண்டும்போது நாலு கிழங்கு பிடுங்கிச் சமைக்கிற பயிர். போன வருட விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

களத்தில் தரவு சேகரிக்கிற இந்த வேலைக்குப் பெயர் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் தென்னிந்திய, மராட்டிய வறண்ட நிலக் கிராமங்களில் ஆய்வைத் தொடங்கியபோது, கணக்கெடுப்பாளர்கள் அந்தந்த ஊரிலேயே தங்கி, ஊருக்கு 40 குடும்பங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒரு வீட்டின் வருமானம் சரிந்தாலும் நுகர்வு அந்த அளவு சரிவதில்லை என்று பொருளியலாளர் ராபர்ட் டவுன்சென்ட் 1994இல் காட்டியது அந்தத் தரவால்தான். டவுன்சென்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். வீடு வீடாகப் போனவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு வேலைக்குப் போவது பல்கலைக்கழகமா, ஆராய்ச்சி நிறுவனமா என்ற கவலையெல்லாம் இப்போது வேண்டாம். வினாப் படிவத்தின் முதல் வரைவை அனுப்பு. ‘எத்தனை மூட்டை’ என்று கேட்ட இடத்தில், மூட்டைக்கு எத்தனை கிலோ என்றும் கேட்டிருக்கிறாயா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்