2008 முதல் 2022 வரை

அண்ணனுக்கு,

நாளை செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அதைத்தான் உங்கள் பிறந்தநாள் என்று சொல்வீர்கள். 2021இல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலை என்று அறிவிப்பு வந்தபோது அதில் நீங்களும் உண்டா என்று தெரியாமல் கழிந்த மாதங்களை ஒருமுறை விரல்விட்டு எண்ணிக் காட்டினீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கைப் பற்றியும் வீட்டாரைப் பற்றியும் ஒரு வரிகூட வராது. யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. போனில் சொல்லியிருப்பேன், ஓராண்டாக நீங்கள் எடுப்பதில்லை.

அந்த விண்ணப்பத் தாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிப்காட் ஆலை ஒன்றில் கேன்டீன் நடத்தும் ஒப்பந்தக்காரர் கொடுத்த தாள் அது. பேனா என் கையில் இருந்தது. பெயர், முகவரி, படிப்பு எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டம் ‘முன் அனுபவம்’. நீங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். “600 பேருக்குச் சமைத்தேன் என்று எழுது தம்பி. ஒருநாள்கூடச் சோறு குழைந்ததில்லை.” வெளியே வந்த பிறகு உங்கள் முகத்தில் பெருமை என்ற ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

நான் எழுதியது இது: “2008 முதல் 2022 வரை, மும்பை தாராவியில் ஓட்டல் வேலை.”

வாங்கிப் படித்தீர்கள். “எனக்கு இந்தி தெரியாதே தம்பி?” “தாராவியில் தமிழே போதும் அண்ணா.” அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். கையெழுத்துப் போடக் குனிந்தவர் அப்படியே கேட்டீர்கள்: “அப்படியானால் அந்தச் சோற்றையெல்லாம் வடித்தது யார்?”

நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டேன்.

மன்னித்துவிடுங்கள். இதை எழுதிய கையோடு வாதாடவும் தோன்றுகிறது. உண்மையைச் சொல்லிக்கொண்டு நாம் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமா? “வாட்ச்மேன் வேலையாவது வாங்கிக் கொடு” என்று எல்லாரும் எளிதாகச் சொன்னார்கள். தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்று தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அரிசி மண்டியிலும் கல்யாண மண்டபத்திலும் முதுநகர் ஐஸ் கம்பெனியிலும் அப்படி எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அங்கே நின்றவர்கள் மனிதர்கள். ஒரு இடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், நீங்கள் குடித்த டம்ளரை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொன்னார் அந்த முதலாளி. உங்கள் காதில் விழாததுபோல் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் தாராவி. உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்று இத்தனை நாளும் சொல்லிவந்தேன். அப்படியில்லை. இன்னொரு வாசலில் போய் நின்று இன்னொரு மறுப்பை வாங்க எனக்குத் தெம்பில்லை.

நான்கு மாதம் நன்றாகப் போயிற்று. முதல் சம்பளத்தன்று தூக்குவாளியில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போனீர்கள். அம்மா இன்னும் அந்தக் குழம்பைப் பற்றிப் பேசுகிறார்.

பிறகு ஆலை வாசலில் நுழைவுச்சீட்டுக்குக் காவல்துறைச் சான்று கேட்டார்கள். அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுநாள் ஒப்பந்தக்காரர் என்னிடம் சொன்னது தெரியாது: “உள்ளே இருந்தார் என்பதற்காக அனுப்பவில்லை. மறைத்தார் என்பதற்காக அனுப்பினேன்.” முதலிலேயே சொல்லியிருந்தால் வைத்திருப்பாரா? நான் நம்பவில்லை. ஆனால் அப்படிச் சொல்லும் வசதியை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். குற்றப் பின்னணியை மறைப்பது பற்றி அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிறகு தேடிப் படித்தேன். மறைத்ததற்காகவே ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது, எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. அது அரசுப் பணி பற்றியது, நம் கேன்டீனுக்குப் பொருந்தாது. இருந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணா. “இதை எழுதிக் கொடுத்தது யார்?” என்று அவர் கேட்டபோது ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நானும் அந்த வாசலில் நின்று திட்டு வாங்கியிருப்பேன். வாயைத் திறக்காமல் என்னைக் கடன்காரனாக்கிவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். உங்களை நம்பி அதே கேன்டீனுக்கு இன்னும் இரண்டு பேரை அனுப்ப இருந்தேன். அவர்களை ஒரு நிமிடம் நினைத்தீர்களா? அதில் ஒருவர் மறுபடியும் உள்ளே போய்விட்டார். இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். பழியை உங்கள் தலையில் போடுவது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

இனி யாருக்கும் மும்பை எழுதமாட்டேன். சிறைச் சமையல்கூடத்தில் உங்களோடு இருந்த பையன், ‘வெங்காயம்’ என்று கூப்பிடுவீர்களாமே, அவன் வெளியே வந்துவிட்டான். போன வாரம் அவனுக்காக எழுதினேன்: “முன் அனுபவம்: கடலூர் மத்தியச் சிறை, சமையல்கூடம், 6 ஆண்டுகள்.” எழுதும்போது கை நடுங்கியது. மூன்று இடங்களில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவது, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மெஸ் நடத்தும் ஒரு அம்மா. இரண்டு முறை படித்தார். என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்து, “யாரிடம் கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார். அவன் உங்கள் பெயரைச் சொன்னான். “அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவு சொல்கிறேன்” என்றார்.

புதன்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய எண்ணை உங்கள் பழைய எண்ணுக்கே அனுப்பியிருக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம். அவன் சோறு வடிக்கும் பதத்தை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அப்படியே, அந்த 600 பேர் கணக்கையும்.