கோடியக்கரைக்கு வண்டி எடுக்கும் அண்ணன்மார்களுக்கு

கொங்கு நாட்டில் சுற்றுலா வேன் நடத்துவோருக்கும், ஓட்டுநர்களுக்கும், ஊருக்கு ஊர் ஆள் சேர்த்துப் பயணம் கூட்டிப்போகும் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கமுங்க.

ராமேசுவரம், கன்னியாகுமரி என்று பழகிய தடத்தை விட்டு, "கூட்டமில்லாத கடலா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. கோடியக்கரை, வேதாரண்யம், முத்துப்பேட்டை, மனோரா என்று நீங்களும் நோட்டீசில் சேர்க்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ராமேசுவரத்துக்குப் போட்ட அதே கணக்கை, அதாவது இரண்டு ராத்திரி, ஒரு பகல், எட்டு இடம் என்பதை அப்படியே இந்தக் கரைக்கும் போடுகிறீர்கள். அந்தக் கணக்கை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நேரம். ராத்திரி 9 மணிக்குத் திருப்பூரில் கிளம்பும் வண்டி, விடியலில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில், அடுத்து நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் முடித்து மத்தியானம் 2 மணிக்குக் கோடியக்கரைச் சரணாலயக் காட்டுக்குள் நுழைகிறது. அந்த வெயிலில் வெளிமான் நிழல் தேடிப் படுத்திருக்கும். சேற்றுத் திட்டின்மேல் கானல் ஆடும். எத்தனை நல்ல பைனாகுலர் வைத்துப் பார்த்தாலும் பூநாரைக் கூட்டம் வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். காசு கொடுத்து வந்தவர், "இங்க ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். அதே இடத்துக்கு வாயில் திறக்கும் காலை நேரத்தில் போய் நின்றால், புல்வெளியில் ஆண் மான் கழுத்தை நிமிர்த்தி நிற்பதையும், கூட்டம் கூட்டமாய்ப் பறவைகள் சேற்றைக் கிளறி இரை தேடுவதையும் சாதாரணக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவில் போவது வீண் டீசல்.

ஆகவே, முதல் நாள் மதியத்துக்கு முன்பே நம் ஊரிலிருந்து கிளம்புங்கள். கோவையிலிருந்து வேதாரண்யம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர்; டீ, சாப்பாட்டுக்கு நிறுத்தி நிறுத்திப் போனாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். வேதாரண்யத்தில் தங்குங்கள். அங்கே லாட்ஜுகள் குறைவு. 50 பேரைக் கொண்டுபோய் இறக்கினால் இடம் கிடைக்காது, 12 பேர் என்றால் கிடைக்கும். மறுநாள் விடியலில் கோடியக்கரை. வெயில் ஏறியதும் திரும்பி வந்து மறைக்காட்டுநாதர் கோயில். "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்ற சொல்லை வண்டியிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறந்து அடைத்த கதை தெரிந்தால் பெரியவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அகத்தியம்பள்ளி நினைவுத்தூண் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பளத்தைச் சாலையிலிருந்து பார்த்தால் போதும், பாத்தி வரப்பில் ஏறவேண்டாம். மிதித்த வரப்பு கசிந்தால் அந்தப் பாத்தி உப்பு போயிற்று.

மாலையில் மறுபடி கோடியக்கரை. மூன்றாம் நாள் காலையில் முத்துப்பேட்டைப் படகு, மதியம் மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரம், அங்கிருந்து பட்டுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகத் திரும்பல். இதில் நாகூரும் வேளாங்கண்ணியும் இல்லை. அவற்றுக்கு வேறு பயணம் போடுங்கள்.

குழு சிறியதென்றால் கோவையிலிருந்து ஈரோடு, கரூர் வழியாக மன்னார்குடிக்கு இரவில் ஓடும் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து உள்ளூர் வண்டி பேசிக்கொள்ளலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது. உங்கள் தொழிலுக்கு இது எதிர்ப்பேச்சாகத் தோன்றலாம். இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டிய ஓட்டுநரை மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறுபடி ஓட்ட வைப்பதைவிட இது மேல் என்பது எங்கள் முடிவு.

மாதத்தையும் பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பறவைகள் ஐப்பசியிலேயே வரத் தொடங்கும்; ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் முற்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறியது இந்த வேதாரண்யத்தருகேதான். மார்கழிப் பாதியிலிருந்து மாசி முடிய உள்ள காலமே சரி. சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை என்று கூட்டிப்போனால் வெயிலும் காய்ந்த சேறும்தான் மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடையும் அப்போதுதான். மீன் சாப்பாடு என்று நோட்டீசில் போட்டிருந்தால் பேச்சு வாங்குவீர்கள்.

இனி தண்ணீர். நாம் ஆயிரம் அடி போர் போட்டு எடுக்கிறவர்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. அங்கே மணல்மேட்டுக்கு அடியில் இருப்பது மழை இறங்கிச் சேர்ந்த நல்ல தண்ணீர். அது உப்புத் தண்ணீர்மேல் எண்ணெய்போல் மிதக்கிறது. மேலாக அள்ளினால் இனிக்கும். மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. அந்த ஊர்க்காரர் குடத்தில் கணக்காகச் சேர்த்து வைப்பதை நாம் ஒரு நோம்பிக் கூட்டமாகப் போய்க் காலிசெய்யக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்: 12 பேர், 2 நாள், 96 லிட்டர். 20 லிட்டர் கேன் 5 ஏற்றினால் குடிக்கவும் சமைக்கவும் போதும். காலிக் கேன் வண்டியிலேயே திரும்பி வரவேண்டும். சின்னப் பாட்டில் கட்டு வாங்காதீர்கள்.

சமையல் செட்டோடு போகிறவர்கள் சரணாலய எல்லைக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. வெட்டிய கோழியின் கழிவை ஓரமாய்ப் போட்டால் நாய்கள் சேரும். சேர்ந்த நாய் அடுத்த நாள் மான்குட்டியைத் துரத்தும், ஆமை முட்டையைத் தோண்டும். குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதும் இந்தக் கணக்குத்தான். பழகின குரங்கு அடுத்த வண்டிக் குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்கும். முதல் வேளைக்கு வீட்டிலிருந்தே கட்டுச்சோறு. பிறகு வேதாரண்யம் கடைச் சாப்பாடு; அந்த ஊருக்கும் நாலு காசு போகட்டும். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பை எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை. இதை வண்டி ஏறும்போதே சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள், இறங்கும் இடத்தில் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்புவானோடைப் படகுத்துறையிலிருந்து போகவேண்டும். வனத்துறை அனுமதி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். துறையில் போய் நின்று கேட்டால் அரை நாள் போய்விடும். காயல் பரந்து கிடக்கும், ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூட இராது. அந்தக் கரையில் நீரேற்றமும் இறக்கமும் முழக் கணக்குதான், ஆனால் ஆழமே இல்லாத இடத்தில் ஒரு முழம் இறங்கினாலே படகு தரை தட்டும். எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்பது படகுக்காரர் சொல்வதுதான். "இன்னும் அரைமணி இருக்கலாம்ணா" என்று அவரை நெருக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் கொக்கியை மாட்டியபிறகுதான் ஏற்றவேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கும் ஆள் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.

காட்டுக்குள் இறங்கினால் சேறு. அதில் பென்சில் குத்தி வைத்ததுபோல் விரல் உயரத்துக்கு நிற்பவை அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். காற்று புகாத சேற்றுக்குள் வேர் மூச்சுவிட அவைதாம் வழி. மிதித்தால் ஒடியும், ஒடிந்தால் மரம் திணறும், மிதித்த பாதமும் கிழியும். ரப்பர் செருப்பைச் சேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். முழங்கால் வரை புதைந்துவிட்டால் நேராக இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க மற்றக் கால் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை ஆட்டி ஆட்டித் தளர்த்தி எடுக்கவேண்டும்.

இன்னொன்றும் அங்கே உண்டு, சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த தில்லை மரம். உதிரும் முன் அதன் இலை நல்ல சிவப்பாகப் பழுக்கும். குழந்தைகள் முதலில் பறிப்பது அதைத்தான். காம்பை ஒடித்த இடத்தில் பால் துளிர்க்கும். அந்தப் பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரிச்சலில் கண் திறக்க முடியாது, சில நேரம் பார்வையே மங்கிப்போகும். ஒரு கேன் நல்ல தண்ணீர் படகில் இருக்கட்டும். பட்டுவிட்டால் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் கூட்டிப்போகவேண்டும்.

கடல் குளியலைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கோடியக்கரைக்கு மேற்கே முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் பக்கம் பாக் நீரிணை ஆழம் குறைந்து குளம்போல் கிடக்கும். வடக்கே வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் வங்கக் கடல் நேராக அடிக்கும். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்த்தால், முதல் நாள் முழங்கால் தண்ணீரில் விளையாடின பையன் மறுநாள் அதே தைரியத்தில் அங்கே ஓடுவான். நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும், கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்ற நீச்சல். கிணற்றுத் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். இருபக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் கலங்கித் தெரிகிற இடம்தான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்பவேண்டும். இதை வண்டிக்குள் மைக்கில் ஒரு தடவை சொல்லுங்கள். 108-உம், கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093-உம் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கட்டும்.

பொழுது சாய்ந்தபின் கரையில் ஸ்பீக்கர், வண்ண விளக்கு, வண்டியின் ஹெட்லைட் எதுவும் வேண்டாம். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம். பொரிந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையைக் கடலென்று நம்பி நகரும். உங்கள் எல்இடி பட்டை அதற்குக் கடல். பூநாரை பறப்பதைப் படம் எடுக்கக் கைதட்டி எழுப்புவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நெடுந்தூரம் பறந்து வந்து உடம்பு தேற்றுகிற பறவை அது, ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தின்றதைச் செலவழிக்கிறது. சரணாலயத்தில் ட்ரோனுக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

கடற்கரை மணலில் வண்டியை இறக்காதீர்கள். ஈர மணல் கெட்டியாகத் தெரியும், வண்டி நின்ற ஐந்தாவது நிமிடம் பின்சக்கரம் இறங்கும்; டிராக்டர் வந்து இழுக்கும்வரை அத்தனை பேரும் வெயிலில். ஊர் திரும்பிய அன்றே அடிப்பாகம், பிரேக் பகுதி, ஸ்பிரிங் பட்டை எல்லாம் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, பேட்டரி முனையில் வாசலின் தடவுங்கள். ஒரு வாரம் தள்ளினால் துரு பிடித்துவிடும்.

மீன் வாங்கி வருகிறவர்களுக்குத் தெர்மாகோல் பெட்டியில் மீன் எடைக்குச் சமமாக ஐஸ்: அடியில் ஒரு அடுக்கு, குடல் எடுத்த மீன், மேலே மறுபடி ஐஸ், கீழே தண்ணீர் வடிய ஓட்டை. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை முட்டை என்று யாராவது ரகசியமாய்க் காட்டினால் வாங்கவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவது உங்கள் வண்டியும் சேர்ந்துதான்.

கடைசியாகத் துணி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேதுவான கோடியக்கரையில் முழுகித் தர்ப்பணம் கொடுக்க நம் பக்கத்திலிருந்தும் வண்டிகள் போகின்றன. முழுகிய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பாட்டன் காலத்துப் பருத்தி வேட்டி மக்கிவிடும். இப்போது விடுவதெல்லாம் பாலியஸ்டர் சேலையும் கலப்புத் துணியும். துணியிலேயே பிழைக்கிற திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் அது மக்காதென்று சொல்லித் தரவேண்டியதில்லை. அது போய் வலையில் சுற்றி, நண்டு வலையை அறுத்து, கடலடிப் புல்லான கடல்தாழையின்மேல் படிகிறது. அந்தத் தாழையைத் தின்று வாழும் கடற்பசுவுக்காகத்தான் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேர்ந்து, பாமணியாறாகவும் கோரையாறாகவும் பிரிந்து முத்துப்பேட்டைக் காயலில்தான் இறங்குகின்றன. கொடுமுடியில் நாம் ஆற்றில் விடும் துணியும் அந்தத் தடத்தில் போவதுதான்.

தை அமாவாசைப் பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சப்பை கொடுங்கள். ஈரத்துணியை அதில் போட்டுக் கட்டி, வண்டியின் பின் டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். "சடங்கு குறையுமா" என்று பெரியவர்கள் கேட்டால், கரையில் தர்ப்பணம் செய்துவைப்பவரிடமே கேட்டுத் தெளியச் சொல்லுங்கள். நோட்டீசில் "வேட்டி, சேலை கடலில் விடக்கூடாது" என்ற ஒரு வரி, கோயில் பெயர்களுக்கு அடுத்து, அதே எழுத்தளவில் வரவேண்டும்.

இப்படிக்கு,
ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் அந்தக் கரைக்குப் போய்வரும் சிலர்