எடையை எழுது, தம்பி

கடலூர் முதுநகர்,
மாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். குரோம்பேட்டையில் தனிக்குடித்தனம் போன பிறகு மாதச் சாப்பாட்டுச் செலவு 18,000 ரூபாயைத் தாண்டுகிறது, இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு இது நியாயம்தானா என்று கேட்டு நீ அனுப்பியிருந்த பட்டியலை நிதானமாகப் படித்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, ஆகையால் எழுதுகிறேன்.

மளிகை 6,400, காய்கறி 2,100, பால் 1,900, மீனும் கறியும் 2,600, இதர 5,200 என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல் முழுவதிலும் ஒரு பொருளுக்குக்கூட எடை இல்லை. மண்டியில் நான் கணக்கெழுதிய காலமெல்லாம், சரக்கின் பெயர், மூட்டை எண்ணிக்கை, நிகர எடை, விலை ஆகிய நான்கும் இல்லாமல் பேரேட்டில் ஒரு வரி ஏறியதில்லை. ரூபாயை மட்டும் எழுதி வைத்தால், விலை ஏறியதால் செலவு கூடியதா, புழக்கம் ஏறியதால் கூடியதா என்று பிரித்தறியவே வழியிருக்காது. முதலாவதற்குச் செய்ய வேண்டியது வேறு, இரண்டாவதற்குச் செய்ய வேண்டியது வேறு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியதும், சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு அரசு விற்றதும் உனக்கு நினைவிருக்கும். அந்த மாதம் காய்கறிச் செலவு ஏறிய வீடுகளில் எத்தனை பேர் வழக்கமான எடைக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள், எத்தனை பேர் எடையையும் கூட்டியிருந்தார்கள் என்று கேட்டால், எடை எழுதி வைத்தவர் மட்டுமே பதில் சொல்ல முடியும். வெறும் விலையேற்றம் என்றால் வீட்டில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. விலை இறங்கும்வரை தக்காளியைக் குறைத்துக்கொண்டு மோர்க்குழம்பும் வற்றல் குழம்பும் வைத்தால் தீர்ந்தது.

ஒத்துப் பார்ப்பதற்காக எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். எனக்கும் அம்மாவுக்கும் மாதத்துக்கு இட்லி அரிசி நீங்கலாக அரிசி 9 கிலோ, துவரம் பருப்பு ஒன்றேகால் கிலோ, உளுந்து ஒரு கிலோ, எல்லா எண்ணெயும் சேர்த்து ஒன்றரை லிட்டர் ஆகிறது. வயதானவர்கள் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள், ஆகவே உங்களுக்கு இதில் கால் பங்கு கூட்டிக்கொள். மளிகைக்கு 6,400 ரூபாய் என்றால், இந்த எடைகளை எந்த விலைக்கு வாங்கினாலும் அவ்வளவு வராது. மீதி எதற்குப் போகிறது என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பில்லைப் பார்த்தால்தான் தெரியும். (இந்தக் கணக்கை மருமகள் தலையில் மட்டும் கட்டாதே. இருவரும் சம்பாதிக்கிறீர்கள், இருவரும் சாப்பிடுகிறீர்கள்.)

எனக்கு உறுத்துவது அந்த ‘இதர’தான். மண்டியில் அப்படி ஒரு தலைப்பில் பெரிய தொகை எழுதியிருந்தால் முதலாளி புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் மாலை நேரத்துத் தின்பண்டம், குளிர்பானம், செயலியில் வரவழைத்த பிரியாணி, இலவச டெலிவரிக்குத் தொகை எட்டவில்லை என்று கூடையில் போட்ட சாக்லேட் எல்லாம் இருக்கும் என்பது என் ஊகம். நீ மட்டும் இப்படி என்று நினைத்துக்கொள்ளாதே. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு குடும்பச் செலவு ஆய்வின்படி, நகரத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவுக்குப் போவது 39.68 சதவீதம், அதற்குள் பானங்களும் தயாரித்த உணவுகளும் மட்டும் ஏறக்குறைய 11 சதவீதம், அரிசி கோதுமை முதலிய தானியங்களோ 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியிருக்க, கிலோவுக்கு 2 ரூபாய் குறைவான அரிசியைத் தேடி நீ மூன்று கடை ஏறி இறங்குவதில் என்ன கிடைத்துவிடும்? ‘இதர’வை நான்கு தலைப்பாகப் பிரித்து எழுது, போதும். நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுவது உங்கள் வயதுக்கு உரியது.

அடுத்து ரேஷன் அட்டை. கல்யாணமான பிறகும் உன் பெயர் எங்கள் அட்டையிலேயே இருக்கிறது. மருமகள் பெயரும் அவர்கள் வீட்டு அட்டையில் இருக்கக்கூடும். இரண்டையும் நீக்கிவிட்டு உங்கள் முகவரிக்குப் புதிய அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சம்பளக்காரர் வரிசையில் நிற்பதா என்று நீ தயங்குவாய் என்று தெரியும். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் உரியது. 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, அட்டைக்கு ஒரு கிலோ என்பது இருவர் வீட்டில் மாதப் புழக்கத்தில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்கு வைக்க உங்களுக்கு மனம் வராவிட்டால் இட்லிக்கு ஊறப் போடுங்கள். நன்றாகக் களைந்து, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு அரைத்தால் பூப்போல வரும் என்கிறாள் அம்மா. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் தண்ணீரோடு ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். கடை மாவின் விலையை அந்த 3 கிலோவுக்குப் பெருக்கிப் பார், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரிசியே வேண்டாம் என்றால் சர்க்கரை அட்டையாகக் கேட்டு வாங்கலாம்.

சோற்றுக்கு வெளியில் அரிசி வாங்குவதானால் 5 கிலோ பைகளாக வாங்காதே. 2022 ஜூலையில், 25 கிலோ வரை அடைத்துப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஒரு கிலோவின் ரகசியம் வேறு ஒன்றுமில்லை. இருவருக்கு 26 கிலோ இரண்டு மாதத்துக்கு மேல் வரும். அடுக்குமாடி வீட்டின் புழுக்கத்தில் வண்டு வைத்துவிடும் என்று பயந்தால், பக்கத்து வீட்டாரோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசியை எப்போதும் பழையதாகக் கேள். புது நெல்லரிசி குழையும், சோறும் பழைய அரிசி அளவுக்குக் காணாது.

பொட்டலப் பொருள்களில் ஏமாறுவது பெரும்பாலும் எடையில்தான். விலையை ஏற்றினால் வாங்குபவன் கண்டுகொள்வான் என்று, அதே 10 ரூபாய்க்கு உள்ளே இருப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். பொட்டலத்தின் மேல் அதிகபட்ச விலைக்கு அருகே இப்போது அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் கிராம் ஒன்றுக்கு என்ன விலை, கூடியதானால் கிலோவுக்கு என்ன விலை என்று இருக்கும். எழுத்து பொடியாக இருந்தாலும் தேடிப் படி. இரண்டு நிறுவனத்துப் பொட்டலங்களை ஒப்பிட அதைவிட நேரான வழி கிடையாது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதே. சலுகை நாள்களில் இரண்டு சின்னப் பொட்டலங்கள் சேர்ந்து ஒரு பெரியதைவிடக் குறைவாக அமைவதும் உண்டு.

எண்ணெயில் இன்னும் கவனமாக இரு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். செக்கில் கிலோ விலை சொல்வார்கள், கடையில் லிட்டர் விலை எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே இருந்து 850 மில்லி, 800 மில்லி என்று அச்சிட்ட பொட்டலங்களும் அலமாரியில் நிற்கின்றன. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. ஆகவே சூரியகாந்தி எண்ணெய், பாமாயில் ஆகியவற்றின் விலையை டெல்லியின் வரி உத்தரவு ஒரே இரவில் மாற்றிவிடும். 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை உயர்த்தியபோது ஏறிற்று, 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். இதையெல்லாம் நம்மால் தடுக்க முடியாது; நம் கையில் இருப்பது அளவு. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று உணவுத் துறையினர் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். அது கஷ்டம்தான், நாங்களே ஒன்றரைக்கு மேல் இறங்கவில்லை. நீங்கள் இரண்டைத் தாண்டாமல் பாருங்கள்.

பாலில் குறைக்க அதிகம் இல்லை. ஆவின் மாத அட்டை போட்டுக்கொண்டு, தயிர்ப் பாக்கெட்டை நிறுத்தி வீட்டில் உறை ஊற்றுங்கள்.

மீனுக்கும் கறிக்கும் 2,600 ரூபாய் என்பதில் மீன் எத்தனை கிலோ என்று நீ எழுதவில்லை. செயலியில் வாங்கும்போது சுத்தம் செய்யும் முன் உள்ள எடை ஒன்றும், செய்த பின் உள்ள எடை ஒன்றுமாக இரண்டு போட்டிருப்பார்கள். விலையை இரண்டாவதால் வகுத்துப் பார். அப்படிப் பார்க்கும்போது வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் பணம் மலைக்க வைக்கும். மத்தியும் கவலையும் நெத்திலியும் கடலூர்க்காரனுக்கு இளப்பமான மீன்கள் அல்ல என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா; அந்த இரண்டு மாதமும் நல்ல மீன் யானை விலை விற்கும். அதற்கு முன்பே ஒரு திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தைக்குப் போய் அம்மா கருவாடு வாங்கி அனுப்புவாள். மாடி வீட்டில் வறுத்தால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று மருமகள் தயங்கினால் குழம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷச் சரக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் வேண்டாம் என்பேன். மாசி பங்குனியில் புதுத் துவரையும் தனியாவும் மிளகாயும் வந்து இறங்கும், விலை தணியும் என்பது உண்மை. ஆனால் வெயிலில் காய வைக்க மொட்டை மாடியும், மாதம் ஒருமுறை எடுத்துப் புடைக்க ஆளும் இல்லாத வீட்டில் வருஷப் பருப்பு பாதிக்கு மேல் வண்டுக்குத்தான் போகும். இரண்டு மாதத்துக்கு உள்ளதை வாங்கி, அது தீர்ந்த தேதியை டப்பாவின் மேல் எழுதி வையுங்கள். இரண்டு முறை எழுதினால் உங்கள் வீட்டின் உண்மையான புழக்கம் கிராமோடு தெரிந்துவிடும். வருஷத்துக்கு வாங்கி வைக்கத் தகுந்தது புளி ஒன்றுதான். கல்லுப்பு சேர்த்து ஜாடியில் அடைத்தால் கெடாது.

புதுப் புளி வரத் தொடங்கிவிட்டது. கொட்டையோடு உள்ளது கிலோவுக்கு மலிவாகத் தெரியும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையாகவே போய்விடும், தட்டி எடுக்கவும் உங்களுக்கு நேரமில்லை. ஆகவே கொட்டை நீக்கியதாகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாதத்துக்குக் கால் கிலோ வீதம் 3 கிலோ போதும் என்கிறாள் அம்மா. அதோடு மணிலாக் கடலை எண்ணெய் 2 லிட்டரும் வரும் சனிக்கிழமை தாம்பரம் வழியாகப் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். காலை பத்து மணிக்குள் தாம்பரத்தில் யார் வந்து வாங்கிக்கொள்வீர்கள் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா