பிள்ளையை மிஞ்சச் சொல்லும் விளம்பரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி பகுதியில் ஒரு தனிப்பயிற்சி மையம் வைத்துள்ள பெரிய பலகையிலும், சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த அதன் விளம்பரத்திலும், 'எக்செல் யுவர் சைல்ட் இன் இங்கிலீஷ்' என்ற தொடரைக் கண்டேன். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொற்கள்.

தமிழில் உயர், உயர்த்து என்றும், திருந்து, திருத்து என்றும் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் உண்டு. ஆங்கிலத்தில் 'இம்ப்ரூவ்' என்ற ஒரே சொல் மேம்படுவதையும் மேம்படுத்துவதையும் குறிக்கும் என்பதால், 'எக்செல்' என்பதும் அவ்வாறே என்று விளம்பரம் எழுதியவர் எண்ணியிருக்கலாம். ஆனால் 'எக்செல்' என்றால் சிறந்து விளங்குதல். ஒருவரைச் சிறக்கச் செய்தல் என்ற பொருள் அதற்கு இல்லை. 'ஷி எக்செல்ஸ் இன் மேத்ஸ்' என்றோ, 'அட் செஸ்' என்றோ எழுதுவதே இன்றைய பெருவழக்கு. அதற்குப் பின் ஓர் ஆளின் பெயரைச் செயப்படுபொருளாக வைத்தால், அவரை விஞ்சுதல் என்ற பழைய பொருள் வந்துவிடும். ஆகவே, 'ஆங்கிலத்தில் உங்கள் பிள்ளையை மிஞ்சிவிடுங்கள்' என்றுதான் அந்தப் பலகை பெற்றோரை அழைக்கிறது! கட்டணம் செலுத்துகிறவர்கள் அவர்கள்தான் என்றாலும், மையத்தின் நோக்கம் அதுவாக இருக்காது.

செயப்படுபொருள் தன்னையே சுட்டும் நயமான வழக்கு ஒன்றும் உண்டு. 'ஷி எக்செல்டு ஹெர்செல்ஃப்' என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சொன்னால், அவர் பிறரை வென்றார் என்று பொருளல்ல. தம்முடைய முந்தைய திறனைத் தாமே விஞ்சினார் என்று பொருள். மொழிபெயர்ப்பவர்கள் இங்கே பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

உயர்ந்து எழுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'எக்செல்'. மலையைக் குறிக்கும் 'ஹில்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே தொல்வேரைச் சேர்ந்தது என்பர். நகரிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சேர்வராயன் மலையை யாரும் உயர்த்தி வைக்கவில்லை, அது உயர்ந்து நிற்கிறது என்று வகுப்பில் நான் விளக்குவது வழக்கம். (மாணவர்களுக்கோ, 1985இல் வெளிவந்த கணினி மென்பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும்.)

'ஹெல்ப் யுவர் சைல்ட் எக்செல் இன் இங்கிலீஷ்' என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, 'எக்செல்' என்பதைச் 'சைல்ட்' என்பதற்குப் பின் நகர்த்தினால் பிழை நீங்கிவிடும். பலகையில் இடம் இருக்கிறது. விளம்பரத்தை மீண்டும் வெளியிடும் முன் தங்கள் விளம்பரப் பிரிவினர் இதை அந்த மையத்தாருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
சேலம்.